திராட்சைப் பந்தல் வழியாக வந்தவர்

அம்மாவாசி இறந்து பதினோராவது மாதம் அவருடைய துப்பாக்கி லைசென்ஸ் மனைவி ராக்கம்மாள் பெயருக்கு மாறியது. அதற்காக அவள் தேனி கலெக்டர் ஆபீசுக்கு ஆறு தடவை போய்வந்தாள். ஆறாவது தடவை ஒரு அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "உங்களுக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்டார்.

"அவுகளுக்கு எதுக்குன்னு கேட்டீகளா சார்?" என்றாள் ராக்கம்மாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

காமயகவுண்டன்பட்டிக்குக் கிழக்கே, மலையடிவாரத்தைப் பார்த்துப் போகிற வண்டிப்பாதையில் அவளுடைய தோட்டம். இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, ஓரமெல்லாம் தென்னை, நடுவில் வீடு. காட்டுப்பன்றிக்கு என்று அம்மாவாசி வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி அது. இருபது வருடத்தில் அவர் ஒரு பன்றியையும் கொன்றதில்லை. வானத்தைப் பார்த்துச் சுடுவார், பன்றி ஓடும், மறுநாள் திரும்ப வரும். பொழுது போகாத ஒரு மத்தியானத்தில் பெண்டாட்டி கையில் கொடுத்துச் சுடச் சொன்னார். தோள் இரண்டு நாள் வலித்தது. அதன்பிறகு மூன்று தடவை சுட்டிருக்கிறாள். ஒரு தடவை குரங்குக்காக, இரண்டு தடவை சும்மா.

மகன் சுருளிராஜன் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தான். அப்பா போனபிறகு வாரம் ஒருமுறை போனில் அதையேதான் சொன்னான். "தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு வந்துரும்மா. ஒத்தையில இருக்காதே."

"அங்கன வந்து நாலாவது மாடியில ஒக்காந்து என்னத்தப் பாக்க? நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

அவன் பயந்ததிலும் நியாயம் இல்லாமலில்லை. முந்தின வருடம் மலைப்பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வயதான புருஷன் பெண்டாட்டியைக் கட்டிப்போட்டுவிட்டு, தாலிச்சரடுவரை உருவிக்கொண்டு போயிருந்தார்கள். ஆள் இன்னும் பிடிபடவில்லை. ஆனி மாதம் பிறந்ததும் ராக்கம்மாளின் வாசலிலேயே இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். தேங்காய் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவன் அவள் தோளுக்குமேலாக வீட்டுக்குள் பார்த்து, "வீட்ல ஆம்பளையாளு யாரும் இல்லையா?" என்றான். தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றைக்கே துப்பாக்கியைத் துடைத்து, தோட்டா போட்டு, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தாள். முன்கேட்டுக்குப் பகலிலும் பூட்டுப் போட ஆரம்பித்தாள்.

அதற்கு ஐந்தாம் நாள் பிற்பகல். மலையிலிருந்து சாரல் இறங்கித் தகரக்கொட்டகைமேல் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. கரண்டு இல்லை. ராக்கம்மாள் புளி கோதிக்கொண்டிருந்தவள், பின்பக்கம் பந்தலுக்குள் கொடி அசைவதைப் பார்த்தாள். பன்றி என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கால் தெரிந்தது. உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள், பந்தல் தலையில் இடிக்காமல் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. கையில் ஏதோ தொங்கியது.

அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள்.

"யாரு?"

ஆள் நின்றான்.

"யாருடா அது? சொல்லு, இல்ல சுட்ருவேன்!"

ஆள் பதில் சொல்லாமல் இன்னும் இரண்டு எட்டு முன்னால் வைத்தான். அவள் பந்தலுக்கு மேலாகத்தான் குழலை நீட்டினாள், அல்லது நீட்டியதாக நினைத்தாள். விசையை இழுத்தபோது முன்கை இறங்கிவிட்டது. சத்தம் மலைவரை போய்த் திரும்பியது. புகை கலைந்தபோது சாக்கு ஒரு பக்கம் கிடந்தது. சேற்றில் உட்கார்ந்து வலது கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு நரைத்த கிருதா, வெள்ளைச் சட்டை.

"ராக்கு," என்றார் அவர். "நாந்தேன்."

அவளுடைய அண்ணன் ஈஸ்வரபாண்டி. கூடலூர்க்காரர். ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

கூடலூரில் அவர்களுடைய அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் நஞ்சை. அதில் தனக்கும் பங்கு உண்டு என்று ராக்கம்மாள் கேட்டபோது, "கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்று ஈஸ்வரபாண்டி பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டார். மூன்றாம் நாள் அவள் உத்தமபாளையத்தில் வக்கீலைப் பார்த்தாள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. அம்மாவாசி இறந்தபோதுகூட ஈஸ்வரபாண்டி கோடித்துணியோடு வந்து, துக்கப் பந்தலின் ஓரத்தில் நின்று, யாரிடமும் பேசாமல் போய்விட்டார்.

ராக்கம்மாள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். முந்தானையைக் கிழித்துக் காலில் சுற்றினாள். முடிச்சு விழவில்லை. அவரே ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்தினாள்.

அவர் காலைச் சேற்றிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டார்.

ஊருக்குள் ஆட்டோ ஓட்டுகிற ஸ்டான்லிக்குப் போன் போட்டாள். அவன் வந்து, காலையும் பார்த்து, துப்பாக்கியையும் பார்த்து, பெரியவரைத் தூக்கி உட்காரவைத்தான். ஆட்டோ கம்பத்தைப் பார்த்துப் போனது. ஊர் தாண்டியதும் ஈஸ்வரபாண்டி ஒரு தடவை, "வீட்டப் பூட்டுனியா?" என்று கேட்டார். அவள் பூட்டவில்லை. ஸ்டான்லி தன் தம்பிக்குப் போன் போட்டுப் போய்ப் பூட்டச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலிலிருந்து எட்டு ரவையை எடுத்தார். இன்னும் மூன்று ஆழத்தில் இருந்தன. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும், எலும்புக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் போலீசுக்குத் தகவல் கொடுத்தார். அது அவர் கடமை.

போலீசுக்கு முன்னால், யாரோ சொல்லி வேல்பாண்டி வந்துவிட்டான். ஈஸ்வரபாண்டியின் மூத்த மகன். கேரள எல்லைக்கு ஜீப் ஓட்டுகிறவன், குரல் பெரிது. வராந்தாவில் இருந்த கூட்டம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது.

"நெலத்துக்காக எங்கப்பனைக் கொல்லப் பாத்திருக்கு! தனியா வந்த மனுசன, பின்னால இருந்து!"

"பின்னால இல்ல, முன்னாலதேன்," என்றாள் ராக்கம்மாள்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். வேல்பாண்டி இன்னும் சத்தம் போட்டான். கொலை முயற்சி வழக்குப் போடாமல் இங்கிருந்து நகரமாட்டேன் என்றான். ராக்கம்மாள் சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கிழிந்த முந்தானையை மறைக்க ஒரு நர்ஸ் துண்டு கொடுத்தாள். அவனைக் குறை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. நிலவழக்கு இருக்கிறது, துப்பாக்கி அவள் பெயரில் இருக்கிறது, காலில் ரவை இருக்கிறது. யாராக இருந்தாலும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

எஸ்.ஐ. இளவயதுக்காரர். முதலில் அவளிடம் கேட்டார். சுட்டது தான்தான், ஆள் யாரென்று தெரியாது, பயமுறுத்தத்தான் சுட்டேன் என்றாள். பிறகு கட்டிலருகே போய் ஈஸ்வரபாண்டியிடம் கேட்டார். வேல்பாண்டி தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கதவு திறந்திருந்ததால் பெஞ்சுவரை கேட்டது.

"என்னத்துக்கு அங்க போனீங்க?"

"எம் மகளுக்குக் கல்யாணம் சார். ஓவியாவுக்கு. அத்தைக்குத்தேன மொதல்ல பத்திரிகை வைக்கணும்? வீட்ல சொன்னா இவன் விடமாட்டான். அதேன் சொல்லாம வந்தேன்."

வேல்பாண்டி கையை அவிழ்த்தான்.

"முன்வாசல் வழியா போகவேண்டியதுதானே?"

"முன்கேட்டு பூட்டியிருந்துச்சு. கூப்புடலாம்னு ரெண்டு தடவ வாயத் தொறந்தேன், வரல. திரும்பிப் போயிரலாம்னு பாதிவழி போயிட்டுத்தேன் வேலிப்பக்கமா உள்ள நொழைஞ்சேன். மழைக்கு அங்கன கெடந்த சாக்க எடுத்துத் தலையில போட்டுக்கிட்டேன்."

"அவங்க யாருன்னு கேட்டதா சொல்றாங்க. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார். ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

"அப்ப ஏன் பதில் சொல்லல?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"என்னன்னு சார் சொல்ல? அண்ணன்னு சொல்றதா, பிரதிவாதின்னு சொல்றதா? அந்த யோசனையில நின்னேன். அதுக்குள்ள வெடிச்சிருச்சு. அவ மேல தப்பில்ல."

எஸ்.ஐ. பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார். பிறகு, மழைச் சத்தத்தில் தங்கை கூப்பிட்டது காதில் விழவில்லை என்று எழுதி, வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் ராக்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். அண்ணன்தான் வந்திருக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் துப்பாக்கியை இறக்கியிருப்பாள். அதில் சந்தேகம் இல்லை. உள்ளே வா என்று சொல்லியிருப்பாளா என்பதுதான் தெரியவில்லை. எத்தனை தடவை கேட்டுப் பார்த்தும் அவளால் ஆமாம் என்று சொல்லமுடியவில்லை.

மறுநாள் காலையில் பந்தலுக்குள் போய்ப் பார்த்தாள். கல்தூண் ஒன்றின் ஓரம் ஜவுளிக்கடைப் பை கிடந்தது. உள்ளே தாம்பாளம், நனைந்துபோன வெற்றிலை, ஒட்டிக்கொண்ட பத்திரிகை, அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. சேலையின் ஒரு மடிப்பில் ரவை துளைத்த ஓட்டை இரண்டு இருந்தது. பத்திரிகையை அடுப்படிக் கொடியில் உலரப் போட்டாள். ஆவணி பத்து, ஞாயிற்றுக்கிழமை.

துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துப்போனது. கவனக்குறைவு என்று சின்ன வழக்காகப் பதிவு செய்தார்கள். லைசென்ஸை நிறுத்திவைத்துக் கடிதம் வந்தது. சுருளிராஜன் கோயம்புத்தூரிலிருந்து ஓடிவந்து நான்கு நாள் இருந்தான். மாமாவைப் போய்ப் பார்த்தான். திரும்பிவந்து, "மாமா நல்லாத்தான் இருக்காரு. வேல்பாண்டி மச்சான் மூஞ்சியக் குடுத்துப் பேசல," என்றான். அம்மாவைக் கூப்பிட்டான். அவள் வரவில்லை. ஊரில் கொஞ்சநாள் அவளைக் கண்டால் பிள்ளைகள் கையைத் துப்பாக்கிபோல் நீட்டி விளையாடினார்கள். அதுவும் அடங்கியது.

கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. அந்தச் சேலையைத் தையல்காரரிடம் கொடுத்து ஓட்டையை இழைதெரியாமல் அடைக்கச் சொல்லி, அதையே கட்டிக்கொண்டு கூடலூர் மண்டபத்துக்குப் போனாள். வாசலில் வேல்பாண்டி நின்றான். அவளைப் பார்த்தான். வா என்று சொல்லவில்லை, வழியையும் மறிக்கவில்லை. பன்னீர்ச் செம்போடு நின்ற அவன் மனைவி அனுசுயாதான், "வாங்க சித்தி" என்று உளறி, "அத்தை" என்று திருத்தினாள்.

உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, நல்ல மரியாதையோடு குனிந்து, "நீங்கதேன் சுட்டவுகளா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் ராக்கம்மாள்.

"வலிச்சிருக்குமே."

"அவுகளுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தேன்."

அத்தை வந்து பெண்ணுக்கு மாலை எடுத்துக்கொடுக்கவேண்டும் என்று மேடையிலிருந்து கூப்பிட்டபோது, ஈஸ்வரபாண்டி காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து அவளுக்கு முன்னால் நின்றார். "எந்திரி," என்றார். அவள் எழுந்தாள். ஓவியா மாலைக்குத் தலையைக் குனிந்தபோது, "அத்தே, நீங்க வரமாட்டீகன்னு அண்ணன் பந்தயமே கட்டுச்சு," என்று காதில் சொன்னாள். ராக்கம்மாள் மாலையைச் சரிசெய்துவிட்டுப் பந்திக்கு நிற்காமல் பதினோரு மணி பஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.

வழக்கை அவள் வாபஸ் வாங்கவில்லை. இனி வாங்கிவிடலாமே என்று வக்கீல் இரண்டு தடவை சொல்லிப்பார்த்தார். அது வேறு, இது வேறு என்றாள். ஈஸ்வரபாண்டியும் வாங்கச் சொல்லவில்லை. நிலத்தைப் பிரித்துக்கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

புரட்டாசிக் கடைசியில் வாய்தா வந்தது. கோர்ட்டில் அன்றைக்கும் ஒத்திவைத்தார்கள். உத்தமபாளையத்தில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறவேண்டியதாயிற்று. கால் நீட்ட வசதியாகக் கடைசிக்கு முந்தின சீட்டில் அவர் உட்கார்ந்தார். அவள் முன்னால் உட்கார்ந்தாள். அனுமந்தன்பட்டி தாண்டியதும் பின்னாலிருந்து, "ஓவியா முழுகாம இருக்கா," என்றார்.

"எத்தன நாளு?"

"இப்பத்தேன் தெரிஞ்சிருக்கு. யாருக்கும் சொல்லல."

கம்பத்தில் அவள் இறங்கினாள். கூடலூருக்கு அதே பஸ் போகும். ஆனாலும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிவிட்டார்.

"நீங்க ஏன் எறங்குனீக?"

"ஒக்காந்தே இருந்தா காலு மரத்துப்போகுது."

டவுன் பஸ் வர அரைமணி நேரம் ஆனது. இருவரும் பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். திராட்சைக்கு இந்த வருடம் மருந்து எத்தனை தடவை அடித்தாய் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள்.