லோர்னா வீட்டு மாடிப்படி

லோர்னாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அவள் கேட்டதெல்லாம் மாடிப்படி இல்லாத ஒரு வீடு. வீடு ஒதுக்குவது ஹால்டர்பி ஊர் மன்றம். உடம்பு முடியாதவர்களைப் பார்த்துக்கொள்வது மாவட்டம் முழுமைக்குமான கவுண்டி மன்றம். "உடம்பு விஷயம்னா கவுண்டியைக் கேளுங்க" என்றது ஊர் மன்றம். "வீடுன்னா உங்க ஊர்லயே கேளுங்க" என்றது கவுண்டி. மார்ச் மாதம் ஒரு காலை, தேநீர் போட இறங்கியவள் படியில் உருண்டு இறந்துபோனாள்.

அவள் அண்ணன் ரோலண்ட் அதே ஊர் மன்றத்தில் உறுப்பினர். ஊர், கவுண்டி மன்றங்கள் எல்லாவற்றையும் கலைத்து ஒரே மன்றமாக்கலாமா என்று அரசாங்கம் கேட்டபோது, சொந்தக் கட்சியை மீறிச் சம்மதம் என்று கை தூக்கினார். மன்றத் தலைவர் கிளைவ், பள்ளிக்கூடத்திலிருந்தே அவருடைய சிநேகிதர். கூட்டம் முடிந்ததும் வாசலில் மறித்துக்கொண்டார்.

"ஊரையே தாரை வார்த்துட்டியேடா! எங்கயோ உக்காந்திருக்கறவனுக்கு நம்ம ஊர் மேடு பள்ளம் தெரியுமா?"

"பக்கத்துலயே இருந்த நமக்கு என் தங்கச்சி வீட்டுப் படி தெரிஞ்சுதா?"

கிளைவ் காரில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு மதுக்கடையில்கூட இருவரும் வேறு வேறு மேசை.

மன்றங்கள் இணைந்தன. ஹால்டர்பி அலுவலகத்தைப் பூட்டினார்கள். அடுத்த குளிர்காலத்தில் ரோலண்டின் பக்கத்து வீட்டு விண்டில் அம்மா இடுப்பு முறிந்து, மாடியிலேயே முடங்கிப்போனார். ரோலண்ட் நம்பிக்கையோடுதான் புது மன்றத்துக்குப் போன் செய்தார்.

"வீட்டுப் பிரிவா சார், பராமரிப்புப் பிரிவா?" என்றாள் ஒரு பெண்.

"இப்பதான் ரெண்டும் ஒண்ணாச்சேம்மா?"

"மன்றம்தான் ஒண்ணு சார். பிரிவு வேற வேற. மாத்தி விடறேன், லைன்லயே இருங்க."

இணைப்பு அறுந்துபோனது. மறுநாள் கிளைவ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நீ சொன்னதுதான்டா சரி. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"சும்மா இரு" என்றார் கிளைவ். "வீட்டு அதிகாரி என் கீழதான் இருந்தாரு. லோர்னாவுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரிசையை மீறக் கூடாதுன்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன்." பிறகு கேட்டார்: "இப்ப யாருக்கு முடியல?"

ரோலண்ட் சொன்னார். கிளைவ் உள்ளே போய்த் திருப்புளியை எடுத்துவந்தார்.

இரண்டு கிழவர்களும் விண்டில் அம்மாவை நாற்காலியோடு கீழே இறக்கினார்கள்; பிறகு அவர் கட்டிலைக் கழற்றி, துண்டு துண்டாகக் கீழே இறக்கிக் கூடத்தில் பொருத்தினார்கள்.

"இத்தனை வருஷம் மன்றத்துல உக்காந்து நாம செஞ்ச உருப்படியான காரியம் இது ஒண்ணுதான்" என்று கிளைவ் மூச்சிரைத்தார். விண்டில் அம்மா சிரித்தார்.

ரோலண்ட் சிரிக்கவில்லை. கடைசித் திருகை முடுக்கியவர் குனிந்தபடியே இருந்தார்.

"என்னடா?"

"லோர்னா கட்டில் இதைவிடச் சின்னதுடா" என்றார் ரோலண்ட். "நான் ஒருத்தனே இறக்கியிருக்கலாம்."

கிளைவ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.