எழுத்துகள் இறங்கிப் போன பலகை

கலிஸ்ரா உற்றுப் பார்த்தால் எழுத்துகள் இறங்கிப் போய்விடும். தொண்ணூற்றாறாம் ஆண்டு, இடம்பெயர்ந்த சனமெல்லாம் ஸ்கந்தபுரத்தில் கொட்டில் போட்டு மாரிக்குப் பயந்துகொண்டிருந்த நாட்களில்தான் அது வெளியே தெரியவந்தது. மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் அவளுடைய மடியில் விரித்த வாசிப்புப் புத்தகத்திலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாய் விளிம்புக்கு வந்தன. அவளுடைய முழங்கால் வழியாக மண்ணில் இறங்கி, எறும்பு போகிறமாதிரிப் போய்ப் பற்றைக்குள் மறைந்தன. அந்தக் கிழமை மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பெரிய தட்டுப்பாடு, ஆகையால் சனம் இதைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. புத்தகத்துக்கும் தட்டுப்பாடுதான் என்று யாரோ நினைவூட்டிய பிறகுதான் கோபம் வந்தது. மொக்குப் பிள்ளை என்றார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று வளர்ந்த மீனவனுக்கு முதலே சொல்லும் பிள்ளையை, கேட்ட கதையை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லும் பிள்ளையை, வாய் கூசாமல் மொக்கு என்றார்கள்.

தாய் புனிதத்துக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. முல்லைத்தீவுக் கடற்கரையில் அவள் சிறுமியாக இருந்த காலத்தில் அவளுக்கு முன்னாலும் எழுத்துகள் இப்படித்தான் எழும்பிப் போயின. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கோயிலில் செபப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மனப்பாடமாய்ச் சொல்லி, கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெற்று, ஒருவருக்கும் தெரியாமல் காலத்தை ஓட்டிவிட்டாள். புருசன் யாக்கோப்புக்கே தெரியாது. தன்னுடைய உதிரத்தில் கிடந்ததுதான் பிள்ளையில் ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அதை யாரிடம் சொல்லி அழுவது?

யாக்கோப்பு தொழிலுக்கேற்ற வைத்தியம் பார்த்தான். ஓடுகிற எதையும் வலை போட்டுப் பிடிக்கலாம் என்பது அவனுடைய கட்சி. புத்தகத்தைச் சுற்றி மீன்வலையை வளைத்துக் கட்டினான். வலைக்கண் பெரிது, எழுத்துகள் நழுவிப் போயின. பிறகு இறால் வலையைக் கொண்டுவந்தான். அதில் நன்றாகவே பட்டன. பட்டதைக் கடற்கரைப் பழக்கத்தில் பாயில் பரப்பி வெயிலில் காயவிட்டான், அதுதான் பிழை. பின்னேரம் பார்த்தால் எல்லாம் கருவாடாய்ச் சுருண்டு கிடந்தன, எதைத் தொட்டாலும் ஒலி வரவில்லை. புனிதம் அவற்றைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த இரஞ்சிதம் ரீச்சர் வட்டக்கச்சிக்காரி. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து காடு வெட்டி வயல் செய்த குடும்பம். இப்போது அவர்களும் கொட்டிலில்தான். அவர் கலிஸ்ராவை அடிக்கவில்லை, பின்வரிசையில் தள்ளவும் இல்லை. யாக்கோப்பைக் கூப்பிட்டு, வலையில் எப்படிப் பட்டன என்று விசாரித்தார்.

"கூட்டமா நிண்டா ஒண்டு வெருள எல்லாம் வெருளும் ரீச்சர். தனிச்சு நிக்கிறது அவ்வளவு கெதியாய் ஓடாது" என்றான் அவன்.

ரீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். சுளகில் குருமணலைப் பரப்பி, ஒரேயொரு எழுத்தைப் பெரிதாக எழுதினார். கலிஸ்ரா அதன்மேல் விரலை இழுத்து, வாய்விட்டு ஒலியைச் சொல்லவேண்டும். அது அவளோடு பழகிய பிறகு ஒரு சாண் தள்ளி அடுத்தது. பிள்ளையை அவசரப்படுத்தினால் எழுத்தும் அவசரப்படும் என்பார். மற்றப் பிள்ளைகள் புத்தகங்களை முடித்துக்கொண்டு போக, கலிஸ்ரா சுளகோடு இருந்தாள். மலேரியா வந்தது, ஷெல் வந்தது, சுளகு இரண்டு தரம் மாறியது. தள்ளித் தள்ளி எழுதினால் சொற்கள் அவளுக்கு நின்றுகொடுக்கும் என்ற நிலை வருவதற்குள் வருடங்கள் போய்விட்டன. நெருக்கி அச்சடித்தவை இன்னமும் இறங்கித்தான் போயின.

சனம் திரும்பிப் போகத் தொடங்கியபோது ரீச்சர் வட்டக்கச்சிக்குப் போனார். கடற்கரைக்குப் போகலாம் என்று யாக்கோப்பு நின்றான். புனிதம் மசியவில்லை. ரீச்சர் போகிற இடத்துக்குத்தான் பிள்ளையும் போகும் என்றாள். இரணைமடுக் குளத்திலும் மீன் இருக்கிறதே என்று அவனும் இறங்கிவந்தான். ஆனால் வட்டக்கச்சியில் வயல்களுக்கு முன்னால் வெள்ளைப் பலகைகள் நின்றன. மண்டையோடு கீறக்கூடப் பெயின்ற் போதாமல், சிவப்பு எழுத்தில் 'மிதிவெடி கவனம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். புனிதம் அதை வாசிக்கவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. பிள்ளை வாசிக்கத் தெரியாமல் உள்ளே போய்விடுமோ என்பது ஒரு பயம். பிள்ளை பார்த்துப் பலகை வெறுமையாகி, வேறொருத்தியின் பிள்ளை உள்ளே போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். ஊராரும் அதையே சொன்னார்கள். அதில் நியாயம் இல்லையென்று எப்படிச் சொல்வது? வயலோரம் போகும்போதெல்லாம் கலிஸ்ராவின் கண்ணைத் துவாயால் கட்டிக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். தானும் தலையைக் குனிந்துகொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். புனிதத்துக்கு வெள்ளையாய் நின்றதெல்லாம் பேய்.

இரண்டாயிரமாம் ஆண்டு, சிறுபோகம் வெட்டிய கையோடு, ஒரு மத்தியானம் கலிஸ்ரா தனியே ரீச்சர் வீட்டுக்கு வெளிக்கிட்டாள். கண்ணைக் கட்டிக்கொண்டு தனியே நடக்க முடியாது. பலகையைப் பார்த்தாள், அதில் இருந்தவை இறங்கிப் போயின. வெறும் பலகைக்குப் பின்னால் ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது. வயலோரம் கண் கட்டியே நடந்தவளுக்கு அது எந்த வயலென்று தெரியாது, அதைப் பிடிக்கப் போனாள்.

புனிதம் ஓடிவந்தபோது வரம்பில் சனம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. நடு வயலில் பிள்ளை. கத்திக் கூப்பிட்டால் தாயிடம் ஓடிவந்துவிடுவாள் என்று எண்ணிப் புனிதம் வந்த சத்தத்தை விழுங்கினாள். மாதாவே, மாதாவே என்று உதடு மட்டும் அசைந்தது. என்னிலிருந்து போனதுதானே, என்னையே எடுத்துக்கொள் என்று வேண்டினாள். அப்போது ஆட்டுக்குட்டி துள்ளியது. மண் எழும்பி விழுந்தது. புகை போனபின் குட்டி இல்லை. சிவப்பாய் ஒரு 'டி' எழுத்து உயரப் பறந்து, வரம்பில் வந்து விழுந்து கிடந்தது.

சனத்தோடு வரம்பில் நின்ற இரஞ்சிதம் ரீச்சர் அதைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். அவருடைய குரல் வகுப்பில் கேட்கிற குரலாகவே இருந்தது. "கலிஸ்ரா, அசையாதை. உன்ரை காலடியிலை என்ன நிக்குது?"

"எழுத்து ரீச்சர். சிவப்பெழுத்துகள்."

"ஓடுதோ?"

"இல்லை. தள்ளித் தள்ளி நிக்குது."

பலகையிலிருந்து இறங்கியவை எல்லாம் ஒவ்வொரு வெடியின்மேலும் அடைகோழி குந்துகிறமாதிரிக் குந்தியிருந்தன.

"அப்ப ஒவ்வொண்டாய் வாசிச்சுக்கொண்டு வா. வாசிச்ச எழுத்திலை கால் வைக்காதை. ஆறுதலாய் வா, ஒருத்தரும் அவசரப்படுத்தேல்லை."

கலிஸ்ரா விரலைக் காற்றில் இழுத்து 'வ' என்றாள், விலகி நடந்தாள். 'தி' என்றாள், விலகினாள். ஓர் எழுத்தில் அவளுக்குத் தடுமாற்றம் வந்தது. அது 'ன'வா வேறேதுமா என்று நின்றாள். ரீச்சர் சொல்லிக்கொடுக்கவில்லை, காத்திருந்தார். 'ன' என்று சொல்லி, அதைச் சுற்றி வந்து வரம்பில் ஏறினாள் பிள்ளை. புனிதம் அவளுக்கு ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறி அழுதாள். அழுது முடியக் கனநேரம் எடுத்தது.

வெடி எடுக்கிற ஆட்கள் வந்து எழுத்து நின்ற இடங்களில் கிண்டினார்கள். ஒவ்வொன்றின் கீழும் வெடி இருந்தது, எழுத்தில்லாத இடத்தில் ஒன்றும் இல்லை. வேலை முடிந்த எழுத்துகள் மண்ணைத் தட்டிவிட்டுப் பற்றைப் பக்கமாய்ப் போயின. மற்ற வயல்களுக்கும் கலிஸ்ராவை அனுப்பும்படி அந்த ஆட்கள் கேட்டார்கள். பலகையைப் பார்க்கமட்டும், றோட்டில் நின்று, தன் கையைப் பிடித்துக்கொண்டு என்றால் சரி என்றாள் புனிதம். அப்படியே நடந்தது. அதன்பிறகு துவாய் குளிக்கத்தான் பயன்பட்டது.

கிண்டி முடியாத வயல்களுக்கு, ரீச்சர் விடாப்பிடியாய் நின்று, 'மிதிவெடி கவனம்' என்பதை எழுத்துக்கு ஒரு பலகையாக நாட்டுவித்தார், பலகைக்குப் பலகை நல்ல இடைவெளி விட்டு. வெளியிலிருந்து வருபவர்கள் பெயின்ற் கூடிப்போச்சோ என்று பகிடி பண்ணுவார்கள். ஊரில் யாருக்கும் அது புதினமில்லை. பலகைகள் நட்டு முடிந்த பின்னேரம், றோட்டால் வரும்போது புனிதம் வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள்.

"நிமிந்து பாருங்கோ அம்மா. இது உங்களுக்கும் ஓடாது" என்றாள் கலிஸ்ரா.

பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று புனிதம் கேட்கவில்லை. நிமிர்ந்தாள். முதற் பலகையில் நின்றது நின்றபடி நின்றது. வாயால் சொல்லிக்கொண்டு அடுத்ததற்கு நடந்தாள், அதிலிருந்து அடுத்ததற்கு. கடைசிப் பலகையில் எல்லாம் சேர்ந்து, அவள் தன் வாழ்நாளில் முதன்முதலாக வாசித்தது என்னவென்று அவளுக்கு விளங்கியது. பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதற் பலகைக்குத் திரும்பிப் போய், இன்னொருமுறை வாசித்தாள்.