ஊசி அசையவில்லை

எக்ஸ்கவேட்டரின் பக்கெட்டை, தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பது போலத் தரையில் இறக்குவார் என்பதால் அந்த ஆபரேட்டருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். சொந்தப் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிக் குழாய்ப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தபோது, மண் நிறைந்த பக்கெட் அந்தரத்தில் தயங்கி நின்று, பிறகு ஒரு துள்ளு துள்ளியது. கீழே குழாய் மூட்டிக்கொண்டிருந்தவர் பள்ளத்துக்குள் சட்டென்று குனிந்ததால் தலை தப்பியது.

திரையில் ஒரு பழுது எண் மின்னி மறைந்தது. பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்கும் நீண்ட இரும்புக் கையைத் தூக்கும் லீவரை எவ்வளவு இழுத்திருக்கிறார்கள் என்று எண்ணெய் அழுத்தத்தை வைத்து இயந்திரத்துக்குச் சொல்லும் சென்சாரில் கோளாறு என்று அதற்கு அர்த்தம். வாடகைக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து புது சென்சார் மாட்டிவிட்டுப் போனார். மறுநாளும் பக்கெட் துள்ளியது.

புதிதாக மாட்டியும் துள்ளினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஓட்டுகிறவர் கையில்தான் கோளாறு என்று. மேஸ்திரி பஞ்சுவின் தோளில் கை வைத்து, "அண்ணே, ரெண்டு நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

ஏனென்றால் பஞ்சுவே தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக டீ கிளாஸைப் பிடித்தால் விரல்கள் நடுங்கின. அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் சட்டைப் பொத்தான் போடவே ஆள் தேவைப்பட்டது. பஞ்சு மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. குளிருக்கு இதமாகப் பிடிப்பவர் போல கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக் குடித்துச் சமாளித்தார்.

கம்பெனி இந்த முறை தன் மூத்த மெக்கானிக்கை அனுப்பியது. வேனிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் பஞ்சு இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். வந்தவர் அவருடைய சம்பந்தி, மகளைக் கட்டிய மாப்பிள்ளையின் அப்பா.

இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடும் அளவுக்கு நெருக்கமும் இல்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து "சௌக்கியமா?", "சௌக்கியம், நீங்க?" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்ந்ததில்லை. மனைவிமார் இரண்டு பேரும் சமையலறையில் உலகத்தையே அலசிக்கொண்டிருக்க, இவர்கள் கூடத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்ப்பார்கள், அது அணைந்திருந்தாலும்.

"வாங்க சம்பந்தி" என்றார் பஞ்சு.

"அட, நீங்கதான் ஓட்டுறீங்களா? தெரிஞ்சிருந்தா நானே முதல்ல வந்திருப்பேனே. சரி, எப்ப துள்ளுது? காலி பக்கெட்லயா, மண்ணு இருக்கும்போதா?"

"மண்ணு இருந்தா மட்டும்தான்."

மெக்கானிக் பின்பக்க மூடியைத் திறந்தார். ஒரே மாதிரியான சென்சார்கள் வரிசையாக இருந்தன. பூமுக்கானதைக் கழற்றி, பக்கத்துச் சென்சாரோடு இடம் மாற்றிப் பூட்டினார். சென்சார் கெட்டிருந்தால் பழுதும் அதனோடு இடம் மாறிப் போக வேண்டும். போகவில்லை. பூம்தான் மறுபடி துள்ளியது.

"சென்சார் மேல பழி இல்ல. மிச்சம் ரெண்டுதான். ஒண்ணு, வயர். இல்லேன்னா, நெஜமாவே எண்ணெய் அழுத்தம் ஏறி இறங்குது."

"நெஜமாவே ஏறி இறங்கணும்னா?"

"லீவர் அசைஞ்சா ஏறி இறங்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடினார் மெக்கானிக். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். பஞ்சு கேபின் படியில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயரத் தேட வேண்டாம் சம்பந்தி. கோளாறு என் கைல. கொஞ்ச நாளா டீ கிளாஸப் பிடிச்சாலே நடுங்குது. எங்கப்பாவுக்கு வந்ததுதான். பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து, சங்கிலித் தடத்தின் மேல் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லித் தெரியாதவர். தெரிந்ததைச் சொன்னார்.

"நான் டாக்டர் இல்ல. ஆனா இந்த லீவர்ல உங்க கை நடுங்குதா இல்லையான்னு என்னால பாத்துச் சொல்ல முடியும். பாத்துருவோமா?"

பஞ்சு தலையாட்டினார்.

மெக்கானிக் லீவரிலிருந்து வரும் எண்ணெய்க் குழாயில், அழுத்தம் காட்டும் ஒரு வட்ட கேஜைப் பூட்டினார். "இதுக்கு வயரும் கிடையாது, கரண்டும் கிடையாது. எண்ணெய் தள்ளினா ஊசி ஏறும். உங்க கை துளி அசைஞ்சாலும் காட்டிக்கொடுத்துடும்." கேஜுக்குப் பக்கத்தில், சென்சார் சொல்லும் எண்ணைக் காட்டும் தன் டேப்லெட்டை வைத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டும் தெரியும்படி போனில் படம் பிடித்தார்.

பஞ்சு பக்கெட் நிறைய மண்ணை அள்ளி மெதுவாகத் தூக்கினார்.

பூம் துள்ளியது. மெக்கானிக் இன்னொரு முறை என்று கையைக் காட்டினார். மறுபடியும் துள்ளியது. பிறகு இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, கேபினில் ஏறி போனை பஞ்சுவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

டேப்லெட்டில் எண் அதலபாதாளத்துக்கு விழுந்து மீண்டது. பக்கத்தில் இருந்த கேஜில் ஊசி ஆணி அடித்தாற்போல் நின்றது.

"மெஷினே குலுங்குது. உங்க கை அசையல, பாருங்க. எனக்கு இப்படி அசையாமப் பிடிக்க வராது."

பஞ்சு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். கண்ணாடி மூடிய கேபினுக்குள் ஏது தூசி என்று மெக்கானிக் கேட்கவில்லை.

அப்புறம் வயரைப் பிடிப்பது பெரிய வேலையாக இல்லை. எப்போதோ யாரோ சென்சார் வயரைப் பக்கத்து எண்ணெய் ஹோஸோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பாரம் தூக்கும்போது ஹோஸ் விறைத்து வயரை இழுத்தது. வெளியே தோல் பளபளவென்று இருக்க, உள்ளே செம்பு இழை முறிந்திருந்தது. வயரை மாற்றி, தளர்வாகத் தனியே கட்டினார்கள். நிறைய மண்ணோடு பக்கெட் துள்ளாமல் சீராக மேலே போனது. பள்ளத்தில் குனிந்து தப்பித்தவர்தான் முதலில் கை தட்டினார்.

"மெஷின் சரியாப் போச்சு. அந்த டீ கிளாஸ் விஷயம் பாக்கி இருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றார் மெக்கானிக்.

"போறோமா?"

"நானும்தான் வரேன். மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு. தனியா விட்டா வாசலோட திரும்பிடுவீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

டாக்டர் பஞ்சுவைக் கை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு சுருள் வரையச் சொன்னார், ரத்தம் எடுத்தார். அப்பாவுக்கு வந்த நோயின் அறிகுறி எதுவும் இல்லை என்றார். மத்தியானம் வந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததில் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. நடுக்கம் அதனால்தான், மாத்திரையில் அடங்கும், ஒழுங்காக வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் மெக்கானிக்கின் போன் அடித்தது. மருமகள். அவர் தயங்கித் தயங்கி எடுத்தார்.

"மாமா, எங்கப்பாவும் நீங்களும் ஆஸ்பத்திரில என்ன பண்றீங்க? மேஸ்திரி அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" குரல் உடைந்திருந்தது. "அப்பாகிட்ட குடுங்க!"

மெக்கானிக் போனை நீட்டினார். பஞ்சு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே பேசுங்க சம்பந்தி. உங்க மேலன்னா கொஞ்சம் மரியாதையா கோபப்படுவா."

"நல்லா இருக்கே! பெத்தது நீங்க, திட்டு வாங்குறது நானா?"

"ரெண்டு பேரும் பேசுறது எனக்குக் கேக்குது" என்றாள் மகள்.

இரண்டு பேரும் போனைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது.