கற்பனை என்று போடப்பட்ட காயம்

சலவைக்கூடத்தில் பாய்லர் வெடித்து வெந்துபோன ஓர் இஸ்திரிக்காரியின் வலது கைத் தழும்பு, அதைப் பற்றி அவள் எழுதிய பதிவின் லேபிளை ‘உண்மை அனுபவம்’ என்பதிலிருந்து ‘கற்பனை’ என்று யாரோ மாற்றிய அன்று மத்தியானம் மறைந்துபோனது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வழவழவென்று, சோப்பு விளம்பரத்தில் வரும் கை மாதிரி ஆகிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. சட்டைக் கை உரசினால்கூட முன்பு போலவே பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுடைய அண்ணி அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எவன் பண்ணான்?” என்று கேட்டாள். தழும்பைக் குணமாக்கிய டாக்டரைப் பற்றி அவள் கேட்கவில்லை. லேபிளை மாற்றியவனைப் பற்றித்தான் கேட்டாள். ஏனென்றால் லேபிள் ஒட்டுவது அண்ணியின் வேலை.

அந்த ஊரில் எழுத ஆசைப்பட்ட எல்லாரும் ஒரே இணையதளத்தில்தான் எழுதினார்கள். தையல்காரர்கள் எழுதினார்கள், பஸ் டிரைவர்கள் எழுதினார்கள், பென்ஷன் வாங்கிய பிறகு வீட்டில் மரியாதை குறைந்துபோன குமாஸ்தாக்கள் மூச்சுவிடாமல் எழுதினார்கள். வந்ததையெல்லாம் படித்து இது கவிதை, இது கட்டுரை, இது கற்பனை என்று வகை பிரித்து லேபிள் போடுவதற்கு, புருஷனின் டயர் கடைப் பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ரப்பர் நாற்றத்தில் அந்த அண்ணி உட்கார்ந்திருந்தாள். உறுப்பினர்கள் அவளுக்கு வகைக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். ராஜினாமா கடிதத்தைக் காதல் கவிதையில் கொண்டுவந்து போடுகிறவன் இருந்தான். நாலு வரி எழுதிவிட்டு ‘நாவல், முதல் பாகம்’ என்று தானே லேபிள் ஒட்டிக்கொள்கிறவன் இருந்தான். அவள் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்கவில்லை. லேபிள் விஷயத்தில் விளையாடக் கூடாது என்று அவளுக்கு அனுபவத்தில் தெரியும். ஒரு ரிடையர்டு தலைமையாசிரியரின் கவிதையை ‘நகைச்சுவை’யில் போட்டபோது, அந்த லேபிளை எடுக்கும்வரை தெருவில் அவரைப் பார்த்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அவர் கடைக்கே வந்து கத்தி, கோபத்தில் ஒரு லாரி டயரை உதைத்து, கட்டைவிரலை உடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை ஒரு பெண் தன் விவாகரத்தைப் பற்றி எழுதியது கை தவறிப் ‘பேய்க்கதை’யில் விழுந்துவிட்டது. லேபிளைச் சரிசெய்யும்வரை அந்தப் பெண்ணின் மாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கிழவி மார்க்கெட்டுக்கு மிதந்தே போய் வந்தாள். காய் விலையில் மட்டும் யாரும் அவளுக்குக் குறைத்துக் கொடுக்கவில்லை.

வகைக்காரிக்கும் நாத்தனாருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. குழாயடியில் ஆரம்பித்துத் தலையணை உறை வரைக்கும் சண்டைதான். பாய்லர் வெடித்த பிறகும் சண்டை நிற்கவில்லை. ஆனால் அண்ணி சோறு ஊட்டிக்கொண்டே சண்டை போட்டாள், நாத்தனார் வாயில் சோற்றோடு பதில் சொன்னாள். கொஞ்சம் தேறியதும் நாத்தனார் இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி நடந்ததை எழுதினாள். பாய்லரில் அழுத்தம் கூடினால் ஆவியைத் திறந்துவிடுகிற வால்வு ஓயாமல் கத்துகிறது, ஆவி வீணாகிறது என்று சலவை முதலாளி அதைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னது. கட்ட மாட்டேன் என்று பாய்லர்காரர் சொன்னது. முதலாளியே ஏணி போட்டு ஏறிக் கட்டியது. மறுநாள் பாய்லர்காரர் செத்தது. இஸ்திரி மேஜைகளில் நின்ற பெண்களின் கையும் கழுத்தும் வெந்தது. வகைக்காரி அதைப் படித்தாள். ஒரு கமாவைக்கூடத் தொடாமல் ‘உண்மை அனுபவம்’ என்று போட்டாள். ஊரே படித்தது. சலவை முதலாளியும் படித்தார். தளத்தின் மேல் மூலையில் மின்னிக்கொண்டிருந்தது அவருடைய விளம்பரம்தான். அன்று அவரும் தளத்துக்காரரும் சேர்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள். கை கழுவுவதற்குள் லேபிள் மாறிவிட்டது. மாறியதோடு, வேறு யாரும் கை வைக்க முடியாதபடி அந்தப் பதிவுக்குப் பூட்டும் விழுந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒருத்தி மேலும் ஒரு புள்ளிகூட இல்லை. “எங்கம்மா காயம்?” என்றார். “வலிக்குது சார்” என்றார்கள். வலியை எழுத அவருடைய படிவத்தில் இடம் இல்லை. சலவைக்கூடத்தில் புது பாய்லர் பளபளவென்று நின்றது. பாய்லர்காரர் என்று ஒருவர் இங்கே வேலை பார்த்ததே இல்லை என்று முதலாளி சொன்னார். அது பொய்யாகவும் இல்லை. சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருந்த வரி வெளுத்துப்போயிருந்தது.

மறுநாள் பாய்லர்காரரின் மனைவி டயர் கடைக்கு வந்தாள். கையில் சட்டம் போட்ட போட்டோ. அதில் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. நாற்காலியின் தோளில், யாரோ கழற்றிப் போட்டது போல, ஒரு துண்டு.

“நீதானம்மா லேபிள் ஒட்டுறது?”

“ஆமாங்க.”

“பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து, உனக்குத்தான் கல்யாணமே ஆகலையேங்கிறா. கூடவே குடியிருந்தவ. இவரு மண்வெட்டியைக் கடன் வாங்கிட்டுத் திருப்பித் தராதவ. எம் புருஷன் செத்ததுக்கு நான் அழுது முடிக்கலம்மா. அதுக்குள்ள இல்லவே இல்லைன்னா, நான் எதை வச்சு அழறது?”

வகைக்காரி கம்ப்யூட்டரை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். “எங்க போற? வேணாம், பெரிய இடம்” என்று புருஷன் பஞ்சர் பார்த்த ஈரக் கையோடு ஓடிவந்தான். “டயரைப் பாருங்க” என்றாள். அவன் டயரைப் பார்த்தான்.

தளத்துக்காரரின் ஆபீஸ் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. ஏசி, கண்ணாடிக் கதவு, தனக்குத்தானே செய்து வைத்துக்கொண்ட கேடயங்கள். அவர் குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவர். உயர்த்தவேண்டிய அவசியம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

“உட்காரும்மா. ஒரு லேபிள்தானே. ஒரே ஒரு வார்த்தை. அதுக்குப் போய் வெயில்ல வரணுமா?”

“அந்த ஒரு வார்த்தையில ஒரு மனுஷன் செத்ததையே காணோம் சார்.”

“நாளைக்கு மானநஷ்ட வழக்கு வந்தா யார் நிப்பா? நீ நிப்பியா? கற்பனைன்னு இருந்தா எல்லாருக்கும் பாதுகாப்பு. எழுதினவங்களுக்கும்தான்.” கொஞ்சம் சிரித்தார். “தவிர, சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. நான் கதைன்னே நினைச்சேன். இந்த வருஷம் சிறந்த சிறுகதைக்கு அதையே சொல்லலாம்னு இருக்கேன்.”

“நல்லா எழுதினா பொய்யா சார்?”

“பொய்ன்னு யார் சொன்னா? கற்பனை.”

அவள் எழுந்தாள். கண்ணாடிக் கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. தொட்டாள், அவ்வளவுதான், அது மேலிருந்து கீழ் வரை விரிசல் விட்டது. வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். இரண்டு பஸ் நின்று பார்த்துவிட்டுப் போயின. காதுமடல் எரிந்தது, உள்ளங்கை எரிந்தது. வாசலில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன அண்ணி சொன்னான்?”

“நீ நல்லா எழுதியிருக்கியாம். பரிசு குடுப்பானாம்.”

நாத்தனார் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த வழவழப்பான கையை ஓங்கிச் சுவரில் அறைந்தாள். வலியில் அப்படியே சுருண்டு உட்கார்ந்தாள். வகைக்காரி அவளைத் தூக்கவில்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. நேரே பின்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

பதிவுக்குப் பூட்டுப் போட்டவர் வகைகளுக்குப் பூட்டுப் போட்டிருக்கவில்லை. புதிதாக ஒரு வகையைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும் எடுபிடி வேலை என்று அதை எப்போதோ அவள் தலையில் கட்டியிருந்தார். அவள் ‘கற்பனை’ என்ற வகையைத் திறந்து, நீக்கு என்று அழுத்தினாள். இதில் உள்ள பதிவுகளை எந்த வகைக்கு மாற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. ‘உண்மை அனுபவம்’ என்றாள். எல்லாவற்றையுமா என்று மறுபடி கேட்டது. “எல்லாத்தையும்தான், மூடிட்டு செய்” என்று வாய்விட்டே சொன்னாள். செய்தது.

முதலில் தழும்புகள் வந்தன. மேஜை மேஜையாக, கை கையாக, கழுத்துக் கழுத்தாக, அவரவருடையது அவரவருக்கே அதே வடிவத்தில் வந்து உட்கார்ந்தன. போட்டோவில் இருந்த நாற்காலியில் பாய்லர்காரர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, போட்டோக்காரன் சொன்னதற்காக விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி இருட்டும் வரை வாசற்கதவைத் திறந்தே வைத்திருந்தாள். செத்தவர் திரும்பி வரவில்லை. அவர் செத்தது திரும்பி வந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு, யாரும் குறுக்கே பேசாமல், நிம்மதியாக அழுது தீர்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி மண்வெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். பல வருடத் தொடர்கதைகளில் ஜன்னலோரம் நின்று அழுதுகொண்டிருந்த கதாநாயகிகள் ஜன்னல் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். ராஜ்ஜியம் இல்லாத ராஜாக்கள் வாளோடு பஸ்ஸில் ஏறி, சில்லறை இல்லாமல் கண்டக்டரிடம் வசவு வாங்கினார்கள். மழைக்கோட்டு போட்ட துப்பறிவாளர்கள் டீக்கடை பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டார்கள். பேசும் குதிரை ஒன்று இருந்தது. அது பேசியதை யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. வீட்டு வாடகை ஏறியது, குடிதண்ணீர் லாரிகள் கூடுதலாக ஓடின, ரேஷனில் கதையிலிருந்து வந்தவர்களுக்கென்று தனி வரிசை போட்டார்கள். தளத்துக்காரர் உடனே ‘கற்பனை’ வகையைத் திரும்பச் சேர்க்கப் பார்த்தார். அவர் முதல் எழுத்தைத் தட்டியதுமே படிக்கட்டு முழுக்கக் கூட்டம். “மறுபடியும் அந்த லேபிளுக்குள்ள எங்களைப் போட்டு அடைச்சே, நடக்கிறதே வேற” என்று ஒரு ராஜா வாளால் விரிசல் விட்ட கதவைத் தட்டினார். தளத்துக்காரர் விரலை எடுத்துவிட்டார்.

தங்களுக்குள்ளேயே சண்டை போட்டு அலுத்துப்போன துப்பறிவாளர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் பழைய இரும்புக் கடையில் உடைந்த வால்வைக் கண்டுபிடித்தார். கட்டிய கம்பி அப்படியே இருந்தது. கம்பி முறுக்கில் சலவை முதலாளியின் சட்டை நூல் சிக்கியிருந்தது. இந்தத் துப்பறிவாளரே யாரோ எழுதிய ஆள், இவர் சாட்சி செல்லாது என்று முதலாளியின் வக்கீல் கோர்ட்டில் குதித்தார். “இப்போ என்ன லேபிள்ல இருக்காரு?” என்று நீதிபதி கேட்டார். பார்த்துச் சொன்னார்கள். “அப்போ உட்காருங்க” என்றார். நாத்தனார் கூண்டில் ஏறி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, எல்லாரும் பார்க்கட்டும் என்று சும்மா நின்றாள். முதலாளி உள்ளே போனார். தளத்துக்காரர் வகைக்காரியை வேலையை விட்டு நீக்கினார். ஆனாலும் உறுப்பினர்கள் எழுதியதை அவளிடம்தான் கொண்டுவந்தார்கள். அவள் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து அதே கடுகடுப்போடு வகை பிரித்தாள். யார் வந்து கேட்டாலும் கோபம் தணிந்துவிட்டதாக அவள் சொல்லவில்லை.

சலவைக்கூடத்தை வேலை பார்த்த பெண்களே எடுத்து நடத்தினார்கள். புது பாய்லரின் வால்வு நாள் முழுக்கக் கத்தியது. யாருக்கும் அது தொந்தரவாக இல்லை. ஜன்னல் கிடைக்காத கதாநாயகி ஒருத்தி அங்கே வேலைக்குச் சேர்ந்து நாத்தனாருக்கு அடுத்த மேஜையில் நின்றாள். பழக்கம் விடாமல் அழுதுகொண்டே தேய்த்தாள். அவள் கண்ணீரே துணிக்குப் போதுமானதாக இருந்ததால் தண்ணீர் தெளிக்கும் குடுவையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். ஒருநாள் நாத்தனார் அவள் மடித்து வைத்த சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப அவள் முன்னாலேயே போட்டாள்.

“அழுதுகிட்டே தேய்க்காதம்மா. கோபமா தேய். அப்பதான் மடிப்பு நிக்கும்.”