பெரியவரின் வெட்டுக்கிளிகள்

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை என்பார்கள். இந்தக் குளிர் நாட்டில், எங்கள் வீட்டில் அந்த ஓணானைக் காசு கொடுத்து வாங்கி, சூட்டுக்கு லைட் பூட்டி, முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். செய்தவன் என் மகன் ஜதுசன். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் பிறந்தநாள் காசைச் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தான். பியர்டட் டிராகனாம். எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் அது கழுத்தைச் சுற்றி முள்ளுத் தாடி வைத்த ஓணான்தான். நான் அறை வாசலோடு நின்றுகொண்டேன். பல்லி விழுந்தாலே தலைமுழுகுகிற ஆள் நான்.

மகன் அதற்கு ஸ்பைக் என்று பெயர் வைத்தான். என் மனுசன் பாலேந்திரா தாடியைப் பார்த்துவிட்டு "பெரியவர்" என்றார். கேலிக்குச் சொன்னதுதான். போகப்போக அதுவே பெயராகி, மரியாதையும் ஒட்டிக்கொண்டது. பெரியவர் எழும்பிவிட்டாரா, பெரியவர் சாப்பிட்டாரா என்று வேலையால் வந்ததும் வராததுமாக விசாரிப்பார். எனக்கு அப்படி ஒரு விசாரிப்புக் கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

இவர் பஸ் ஓட்டுகிறார். கோயில் நிர்வாக சபையிலும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை, அது பெரியவருக்கும் சட்டம். மற்ற நாட்களில் உயிரோடு வெட்டுக்கிளி கொடுப்பார், வெள்ளிக்கிழமை கீரையும் பூசணிக்காயும் மட்டும். மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "என்ரை வீட்டிலை இருக்கிறவர் என்ரை வீட்டு முறைப்படி இருக்கட்டும்" என்று இவர் முடித்துவிட்டார்.

அந்த வசனத்தைப் பிறகு மகனுக்கும் சொன்னார், அதுதான் பிழையாகிப்போனது. ஜதுசன் கணக்காளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லிப்ட் திருத்துகிற வேலைக்குப் போய்விட்டான். அதைக் கோயில் திருவிழாவில் வேறு யாரோ இவரிடம் சொன்னார்கள். சபைக்காரர் எல்லாருக்கும் மகன் கணக்காளர் என்று சொல்லி வைத்திருந்த மனுசனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினார். கடைசியில், இனி இந்த வீட்டுப் படி மிதிக்காதே என்றார். அவனும் நகரத்தின் மறுகோடியில் ஹரோவில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டான். அந்த வீட்டுக்காரர் பிராணிகள் வைக்க விடமாட்டார் என்பதால் பெரியவர் எங்களோடு மிட்சம் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று சொந்தக்காரர் ஆறுதல் சொன்னார்கள். சாகாதுதான், ஹரோவுக்குப் போய்விடும். அப்பன் கோபத்தில் சொன்னதை மகன் சட்டமாகவே எடுத்துக்கொண்டான். எனக்குச் சாமான் கொண்டுவந்தால் வாசலில் நின்று தந்துவிட்டுப் போவான். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்களே, எங்கள் வீட்டில் அந்த வாசற்படியே வில்லங்கமாகி இரண்டு வருசம் ஓடியது.

அந்த இரண்டு வருசமும் அப்பனும் மகனும் கதைத்தது பெரியவரைப் பற்றி மட்டும்தான், அதுவும் என் வழியாக. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ஸ்பைக் எப்படி என்று கேட்பான். இவர் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, தோல் கழற்றுகிறார் என்று சொல்லு, நேற்று என் நெஞ்சிலே படுத்து நியூஸ் பார்த்தவர் என்று சொல்லு என்பார். நான் சொல்வேன். அவன் சிரிப்பான். அவன் சிரித்தான் என்று இவரிடம் சொல்வேன். இரண்டு வாரத்துக்கொருமுறை மகன் ஓடர் பண்ணிய வெட்டுக்கிளிப் பெட்டி தபாலில் வரும். இவர் அதைக் காசோலை வந்தமாதிரி இரண்டு கையாலும் வாங்குவார். எனக்கு அந்தப் பிராணியில் பெரிய பிரியம் கிடையாது. ஆனால் அது நூறு வயது இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டிருக்கிறேன்.

பனி தொடங்கின மாதம் பெரியவர் சாப்பாட்டை விட்டார். லைட்டுக்குக் கீழே ஏறாமல் மூலையில் கிடந்தார். முன்கால் மூட்டுகள் வீங்கி இருந்தன. பக்கத்து ஊர் சட்டனில் ஊர்வன பார்க்கிற ஒரு டொக்டரிடம் கொண்டுபோனோம். ஜதுசன்தான் தன் பெயரில் போனில் பதிந்து கொடுத்தான். டொக்டர் இளம் பெண். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பழுதாகிவிட்டது, யூரிக் அசிட் ஏறி மூட்டுகளில் படிந்திருக்கிறது, வயதும் போய்விட்டது, சுகமாக்க ஏலாது, நோவைக் குறைக்கலாம் என்று விளக்கினாள். மருந்துப் போத்தலை இவர் கையில் வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ரை குளிசையெல்லோ."

உண்மைதான். கால் பெருவிரல் வீங்கி நொண்டுகிற இவருக்கும் அதே மருந்துதான். இவருக்கு விழுங்குகிற குளிசை, பெரியவருக்குத் துளிக் கணக்கில் தண்ணி மருந்து. அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டோடு இரண்டு பேரும் ஒன்றாக மருந்து எடுத்தார்கள். முதலில் சிறிஞ்சால் பெரியவருக்கு, பிறகு தனக்கு.

வெட்டுக்கிளி இனித் தொடக்கூடாது, இலைவகை மட்டும் என்றும் டொக்டர் சொல்லியிருந்தாள். கேட்க வேண்டுமா? கிழமையில் ஒருநாளாவது சைவமாக இருக்க வேண்டும் என்று நான் அப்பவே சொன்னேனே என்று இவர் சட்டனில் ஏறினதிலிருந்து மிட்சம் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வீம்பு இரண்டு நாள்தான். அதன்பிறகு சத்தமில்லாமல் வேலையைப் பார்த்தார். பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணி எடுத்து, முழங்கையால் சூடு பார்த்து, பெரியவரைத் தாடைக்குக் கீழே பிடித்துக் குளிப்பாட்டுவார். கீரையை மசித்து வாயோரத்தில் பூசி நக்க வைப்பார். மகன் சின்னனில் காய்ச்சலாய்க் கிடந்தபோது ஒரு பனடோல் கொடுக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிட்ட அதே மனுசன்.

தின்ன ஆளில்லாத வெட்டுக்கிளிகள் நடை ஓரத்தில் சரசரத்துக்கொண்டு கிடந்தன. இவர் அவற்றுக்கும் கரட் சீவிப் போட்டார். வாயில்லாச் சீவனைப் பட்டினி போடக்கூடாது என்றார்.

தை மாதம் தாடி கறுத்துவிட்டது. நோவு கூடினால் அப்படிக் கறுக்குமாம். மருந்தை விழுங்கவில்லை, தலையைத் தூக்கவில்லை. டொக்டர் போனில் பேசினாள். இனி வைத்திருந்தால் அதற்கு வேதனைதான், ஊசி போடுவது நல்லது, பதிந்த ஆள் ஜதுசன், அவன் சம்மதிக்க வேண்டும் என்றாள்.

இவர் பெரியவரைத் துவட்டுகிற துவாயை மடித்து மடித்து விரித்தார். பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பி, அவனிடம் சொல்லு என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"தோல் கழட்டினது, கீரை திண்டது எல்லாம் கடத்தினன். சாவை நான் கடத்தமாட்டன். நீங்களே சொல்லுங்கோ."

நம்பரை அழுத்தி அவர் கையில் போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். இவர் தொண்டையைச் செருமினார். பெரியவர் ஏலாமல் கிடக்கிறார், டொக்டர் ஊசி போடட்டோ என்று கேட்கிறா என்று ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து "வாறன் அப்பா" என்று கேட்டது.

வேலை உடுப்போடேயே வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே வா என்றேன். கார், நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் நிற்கிறது என்றான். கார் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாதா? அடுத்த வீட்டு வாசலில் ஒழுங்காகத்தான் நின்றது. இவர் பெரியவரைத் துவாயில் சுற்றி, சுடுதண்ணிப் போத்தலையும் அணைத்து, வாசலுக்குக் கொண்டுவந்தார். இவர் உள்ளே, அவன் வெளியே, நடுவில் அந்தப் படி. மகன் ஒரு விரலால் தாடிக்குக் கீழே சொறிந்தான். பெரியவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"உன்னைத் தெரியுது அவருக்கு."

"நோகுதெண்டு நினைக்கிறன் அப்பா. விடுவம்."

"உன்ரை பிராணி. நீ சொன்னாச் சரி."

"என்ரை மட்டுமில்லை."

இவர் துவாயின் விளிம்பைச் சரிசெய்தார். "அப்ப விடுவம்" என்றார்.

மகனின் காரில் போனோம். டொக்டர் உள்ளே கூப்பிட்டபோது நான் எழும்பவில்லை. இவர் என் முன்னால் குனிந்து துவாயைக் கொஞ்சம் விலக்கினார். இத்தனை வருசத்தில் முதல் தடவையாகத் தொட்டேன். நெற்றியில் ஒரு விரல். சொரசொரப்பாகவும் சூடாகவும் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் முயலோடு இருந்த வெள்ளைக்காரி கண் துடைக்க ரிசுத் தாள் நீட்டினாள். ஓணானுக்கு அழுத முதல் யாழ்ப்பாணத்துக்காரி நானாகத்தான் இருக்கும். ஆனால் நான் ஓணானுக்கு மட்டும் அழவில்லை. இனி இந்த இரண்டு பேரும் எதைப் பற்றிக் கதைக்கப் போகிறார்கள் என்று நினைத்து அழுதேன்.

பின்வளவில் புதைத்தோம். மகன் பக்கத்து ஒழுங்கையால் சுற்றி, பின் கேற்றால் வந்து குழி வெட்டினான். அப்போதும் படி மிதிக்கவில்லை, பாருங்கள். இவர் கொஞ்சத் திருநீறு எடுத்துவந்து போட்டார். தேத்தண்ணியைப் பின்வளவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் நின்றபடி குடித்துவிட்டு, தோட்டத்துக் குழாயில் கை கழுவிவிட்டுப் போனான்.

நான் பயந்தபடியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டீர்களா, குளிர் எப்படி என்று கேட்டான். வேறென்ன அம்மா என்றான். வேறொன்றுமில்லை. இவர் அதே கதிரையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார், சொல்லு என்று சொல்ல ஒன்றும் இல்லாமல். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். கண்ணாடிப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. ஆனாலும் இவர் காலையில் லைட்டைப் போட்டு மாலையில் நூர்த்தார். எனக்கு இவரில் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கட்டிப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை தபால்காரன் பெட்டியொன்று தந்துவிட்டுப் போனான். உள்ளே சரசரப்பு. மகன் ஓடரை நிறுத்தவில்லை. இவர் அதை வாங்கி, காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, நடை ஓரத்துக்குக் கொண்டுபோனார். நான் சமையலறையில் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் இவருக்குக் கதைக்கத் தெரியும். என் போன் மேசையில் கிடந்தது. தன் போனில், தானே தேடி அழுத்தியிருக்கிறார்.

"டேய் தம்பி, உந்த வெட்டுக்கிளியளுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறது?"

தேங்காய் துருவிய கை அப்படியே நின்றது. மகன் சொல்லத் தொடங்கினான். கரட் கொடுக்கலாம், முட்டைக்கோவா இலை கொடுக்கலாம், தண்ணி தனியாக வைக்கக்கூடாது, மூடியில் காற்றோட்டம் இருக்க வேண்டும். இவர் ஒவ்வொன்றுக்கும் ஓமோ, ஓமோ என்றார். கரட் பச்சையாகவா அவித்தா என்று கேட்டார். பச்சையாக, அப்பா. தோல் சீவ வேண்டுமோ என்று கேட்டார். அவனும் பொறுமையாக, சீவினால் நல்லது என்றான். மாதக் கணக்கில் அந்த வெட்டுக்கிளிக் கூட்டத்துக்குச் சாப்பாடு போட்ட மனுசன் கேட்கிற கேள்வி இது.

"எனக்கு உதொண்டும் விளங்கேல்லை. நீ வந்து பாத்துச் சொல்லு."

அந்தப் பக்கம் கார்ச் சத்தங்கள் கேட்டன. தெருவில் நிற்கிறான் போல.

"உள்ளுக்கு வரட்டோ அப்பா?"

"பின்னை? வெட்டுக்கிளியை றோட்டிலையோ வைக்கிறது?"

மத்தியானத்துக்கு வருவதாகச் சொன்னான். இவர் போனை வைத்துவிட்டு, என்னைப் பாராமல் சவரம் செய்ய மேலே போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு சுண்டு அரிசி கூடப் போட்டேன். பிறகு நடை ஓரத்துக்குப் போய் வெட்டுக்கிளிப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கரட் கிடந்தது. தோல் சீவி, மெல்லிசாக வெட்டி, ஓரமாக அடுக்கி வைத்தது. போன் எடுக்க முந்தியே போட்டிருக்கிறார்.

எனக்குப் பூச்சியும் பயம்தான். ஆனாலும் கையை விட்டு, துள்ளுகிறவற்றை விலக்கி, கரட் துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுத்துக் குப்பைவாளியில் போட்டேன். பிள்ளை வந்து சொல்லிக்கொடுக்க ஏதாவது இருக்க வேண்டாமா?