பெண்ணும் நல்லதும் சேர்ந்த எழுத்து

1.
நான் கைமாற்றிக் கொடுத்த ஒரு துண்டுத்தாளிலிருந்தே இக்கதை பிறந்தது. முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்தவன், அத்தாளில் இருந்த மூன்று எழுத்துகளின் முன் எழுத்தறியாதவனாய் நின்றேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'புருசெத் நூலகத்தின் மேல் வெண்பனி மெல்ல...' (அடித்துவிட்டேன். அன்று பெய்தது வெறும் மழை.)

2.
சனிக்கிழமைதோறும் நொர்வேயில் எங்கள் ஊரின் அந்நூலகத்தில் இருவர் வகுப்பு நடத்துவர். சீனத்தவரான சூயின் யப்பானியப் பிள்ளைகளுக்குச் சீனம் கற்பிப்பார். யப்பானியரான சயோகோ சீனப் பிள்ளைகளுக்குத் தம் மொழியைக் கற்பிப்பார். இருவரின் நொர்வேஜிய மொழியும் பாதிவழியில் நின்றுவிடும். அப்போது தாளை இழுத்து எழுத்தாலேயே உரையாடுவர். நான் பக்கத்து மேசையில் செய்தித்தாளை விரித்தபடி அவர்களையே வாசித்துக்கொண்டிருப்பேன்.

(அடிக்குறிப்பாக வேண்டியது: சீன எழுத்துகள் பன்னூறாண்டுகளுக்கு முன் யப்பானுக்குச் சென்றன. 'தத்துவம்' போன்றவற்றுக்கு யப்பானியர் அவ்வெழுத்துகளால் ஆக்கிய சொற்கள் பின்னர் சீனத்துக்கே திரும்பின. மாணவன் ஆசிரியனுக்குக் கற்பித்த இச்செய்தியை நினைக்குந்தோறும் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.)

3.
ஒரு நாள் சயோகோ ஓடிவந்து, சூயினிடம் சேர்க்குமாறு தாளை என் கையில் வைத்துவிட்டு மறைந்தார். அதில் ஓர் எழுத்து. அதன்கீழ் மருத்துவமனையைக் குறிக்கும் இரண்டு. சூயின் வாசித்துவிட்டு, சயோகோவின் தாய் நோயுற்றிருக்கிறார், அவரைப் பார்க்கச் சயோகோ யப்பானுக்குப் பறந்திருப்பார் என்றார். தொல்லை தரலாகாதென்று தொலைபேசியிலும் அழைக்கவில்லை. இரு சனிக்கிழமைகள் இரு வகுப்பையும் தனியாகவே நடத்தினார்.

என் மனைவி வசந்தமலர், மருத்துவமனையில் இருந்த தம் தமக்கையைப் பார்த்துத் திரும்பியபோது இதைச் சொன்னேன்.

"தாயோ? அக்கான்ர பக்கத்துக் கட்டிலிலை கிடக்கிறது சயோகோன்ர மகளெல்லோ. பதினாறு வயசு. சிநேகிதி ஒருக்கால்கூட எட்டிப் பாக்கேல்லையாம். இனி அந்த வகுப்புப் பக்கமே வரமாட்டன் எண்டு தாய்க்காரி சொல்லுறா."

4.
உடனே சூயினை அழைத்தேன். அவர் அம்முதல் எழுத்தைப் பிரித்து விளக்கினார்: இடப்பக்கம் 'பெண்', வலப்பக்கம் 'நல்லது'. சீனர் வாசித்தால் தாய். யப்பானியர் வாசித்தால் மகள்.

ஒரே எழுத்து இருவரையும் குறிக்கலாமா என நான் வீட்டில் இலக்கணக் குற்றம் கண்டேன். வசந்தமலர் சிரித்தார்.

"நீங்கள் படிப்பிச்சது தமிழ்தானே? எங்கட மகள் யதுர்ஷாவை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?"

'இஞ்சை வா அம்மா' என்றுதான்.

5.
முடிவு ஒன்று: இருவரும் தழுவிக்கொண்டனர். (திரைப்படத்துக்கு ஆகும்.)
முடிவு இரண்டு: சயோகோ வகுப்பைக் கைவிட்டார், பதினொரு பிள்ளைகளும்... (இதை எழுத என் கை வரவில்லை.)

வசந்தமலர் கண்டது இவ்வளவே. மறுநாள் சூயின் அரிசிக் கஞ்சிப் பாத்திரத்துடன் மருத்துவமனைக்கு வந்து நின்றார். சயோகோ சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சூயின் எந்த விளக்கமும் சொல்லவில்லை. கட்டிலருகே சென்று, பெண்ணின் நெற்றியில் கைவைத்து, தம் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னார். அடுத்து நடந்ததைக் காணுமுன் தாதி கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்.

அச்சொல்லை நான் அறியேன். ஆயினும் கதையில் அவ்விடத்தை வெறுமையாய் விட மனமில்லை. அங்கே இட என்னிடம் உள்ளது ஒரு தமிழ்ச்சொல்லே. அதைக் கேட்டுச் சயோகோ திரும்பினாரா என்பதை, திரைக்கு அப்பால் செல்லவல்ல நீங்களே எழுதுக. நான் சொல்லை மட்டும் வைத்துச் செல்கிறேன்:

"அம்மா."