முப்பத்தேழாம் படிவம்

1

இந்தக் கதையை ஒரு கெட்டுப்போன படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் ஒரு குழந்தை மூத்திரம் போய்விட்டது. காய்ந்த பிறகு எழுத வருகிறது.

கதை பிறந்ததற்கு வேறு பெரிய காரணம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். காரணம் நாளைக் காலை எட்டரைக்கு வரும் ஜீப்.

1984. புதன்கிழமை மதியம். பஞ்சாயத்து அலுவலகத்தில் எங்களுக்குக் கொடுத்த அறை. மேற்பார்வையாளர் வேதகிரி சார் சாப்பிடப் போயிருக்கிறார்.

தாயின் மனச்சோர்வு குழந்தையின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கிறது என்று சென்னையிலிருந்து ஓர் ஆய்வு. உத்திரமேரூரைச் சுற்றி ஆறு ஊர்கள். நான் கேள்வி கேட்கும் பெண்.* தாய்க்குப் பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை; சோர்வு கூடினால் எண் கூடும். குழந்தைக்குக் கிலுகிலுப்பை, சிவப்புக் கம்பளிப் பந்து, ஒரு கிண்ணம். தாயின் மொத்த எண் 13-ஐத் தாண்டினால் வியாழக்கிழமை ஜீப்பில் செங்கல்பட்டுக்கு, மனநல மருத்துவரிடம். தாண்டாவிட்டால் வீட்டில்.

மலர்க்கொடியின் எண் 4.

(* பி.எஸ்ஸி. விலங்கியல். தவளையின் நரம்பு மண்டலத்தைப் பார்க்காமல் வரைவேன். இங்கே யாரும் கேட்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: "மலர்க்கொடி கிணற்றடியில் நின்று" —

அடித்துவிட்டேன். கிணறு வந்துவிட்டால் கதை அதற்குள்தான் போய் விழும்.

இரண்டாவது: "பசுமையான வயல்களுக்கு நடுவே" — ஏரி வற்றி மூன்று வாரம் ஆகிறது.

மூன்றாவது: "மலர்க்கொடி, வயது 20, ஓர் ஆண் குழந்தை, படிவம் 37." எனக்கு இப்படித்தான் வருகிறது. இதைக் கதை என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

3

மலர்க்கொடிக்கு முன்னால் சிட்டம்மாளைச் சொல்ல வேண்டும். ஊரிலேயே பெரிய எண் அவளுடையது. 22. கணக்குப்படி அவள் எழுந்து நடமாடுவதே கஷ்டம்.

போன வாரம் அவள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. உருண்டையாக, கன்னத்தில் காலணா அளவு மைப்பொட்டோடு, அவள் தலைமுடியை இழுத்துக்கொண்டு.

"குழந்தையைப் பார்த்தா சந்தோஷமா இருக்கா?" என்றேன்.

"இன்னா சந்தோசம் டீச்சரம்மா. சவல புள்ள. சோறு துன்றதில்ல."

"தூக்கம்?"

"அது எங்க தூங்குது. நான் எங்க தூங்கறேன்."

"வீட்ல எல்லாம் எப்படி?"

"நாசமாப் போய்க்கினு கீது." பிறகு குரலை இறக்கி, "எல்லாத்தையும் எய்திக்கினியா? ஜீப்புல செங்கல்பட்டு கூட்டினு போறாங்களாமே. பூ வெச்சிக்கினு வரட்டா?"

குழந்தை ஏப்பம் விட்டது. நான் 3, 3, 3 என்று எழுதினேன். எழுதியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை ஒப்புக்கொள்வது கஷ்டமாக இருக்கிறது.

4

மலர்க்கொடி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பத்து மாத முனிரத்தினம் பக்கத்தில் சாக்கின்மேல்.

"குழந்தையைப் பார்த்தா சந்தோஷமா இருக்கா?"

"கீது."

"நல்லா சாப்பிடறானா?"

"துன்றான். குண்டாத்தான் கீறான்."

அவன் குண்டாக இல்லை. தூக்கம் வருகிறதா என்ற கேள்விக்கு மட்டும் "வர்றதில்ல" என்றாள். 3. இன்னோரிடத்தில் 1. மற்றதெல்லாம் 0.

பந்தைக் கிண்ணத்தால் மூடினேன். அவன் தேடவில்லை. அடுத்த சோதனை: தாய் கூப்பிட வேண்டும், குழந்தை திரும்ப வேண்டும்.

"முனிரத்தினம்," என்றாள், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதுபோல. அவன் திரும்பவில்லை. என் கிலுகிலுப்பைக்குத் திரும்பினான்.

அப்போது படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டேன். "கன்னத்துல மை வைக்கலையா?"

"வெச்சா இன்னா, வெக்காட்டி இன்னா."

[இங்கே அவள் கண்ணில் நீர் துளிர்த்ததாக ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். துளிர்க்கவில்லை. அழுதிருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும். அவளை நானே சோகமாக்குகிறேனோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. மை மட்டும் என் கற்பனை இல்லை.]

"எய்திக்கினியாம்மா? போறியா?" என்றாள்.

போனேன்.

5

இன்று காலை சாரிடம் ஆரம்பித்தேன். "சார், முப்பத்தேழு —"

"பார்த்தேம்மா. தாய்க்கு நாலு. குழந்தைக்கும் கம்மி. மத்த நாப்பதோட ஒட்டலை. தள்ளிடு."

"இல்ல சார், அவங்க —"

"ஏம்மா, உனக்குத் தோணறதையெல்லாம் எந்தக் கட்டத்துல போடறது?"

அவர் சாப்பிடப் போன பிறகு நாற்பத்தோரு படிவங்களையும் மறுபடி புரட்டினேன். அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு சாதாரண விஷயம். என் அம்மாவும்தான் யாராவது கேட்டால் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்பாள். நல்லா இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும். அதுவும் ஊர் பேர் தெரியாத ஒருத்தி பேனாவோடு வந்து கேட்டால்!

பயப்படும் தாய்மார்கள் எல்லாரும் நோயாளிகளாகிவிட்டார்கள். எது வந்தால் என்ன என்று இருப்பவள் ஒருத்திதான் எல்லாம் நல்லா கீது என்றாள். அவளுக்கு 4.

ஜீப்பில் ஆறு இடம். ஆறும் நிரம்பிவிட்டது. சிட்டம்மாள் முன்சீட்டு கேட்டிருக்கிறாள்.

6

முடிவுகள்:

(அ) 4-க்கு முன்னால் ஒரு 1. ஒரே கோடு. 14. கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சார் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆறு பேருக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்தாவது மலர்க்கொடி போவாள். ஆனால் தப்பான நாற்பது படிவங்களோடு நாற்பத்தொன்றாவதையும் தப்பாக்கியது நானாக இருப்பேன். இதற்கா படித்தேன்.

(ஆ) சாரிடம் சொல்வது. கேள்விகள் தப்பு, ஐந்து மாத வேலை தப்பு. "யார் சொன்னது?" என்பார். "நான்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை இந்தக் கதையில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் பாருங்கள். அவர் முன்னால் ஒரு தடவைகூட வரவில்லை.

(இ) கிணறு. பத்திரிகைக்கு அனுப்பினால் இதைத்தான் போடுவார்கள். கடைசி வரியில் சாக்கின்மேல் குழந்தை தனியாக. வாசகர்களாகிய நீங்களும் பெருமூச்சு விடுவீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் தொடக்கத்தில் எனக்கும் அதுதான் வந்தது.

7

இவ்வளவு எழுத முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. சாரிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்துதான் முக்கால் மணி நேரம் கதை எழுதியிருக்கிறேன். எரிச்சலாக இருக்கிறது. சார்மேல் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம். ஏப்பம். சார்தான்.

பேனாவை மூடப் போகிறேன். (அ) இனி முடியாது. படிவம் 37-ஐக் கையில் எடுத்துக்கொண்டேன். எழுந்து நிற்கப் போகிறேன். சொல்ல வேண்டியதை இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு:

"சார், நான் சொல்றதை உட்கார்ந்து கேளுங்க. அந்தக் குழந்தை கன்னத்துல மை —"

மீதியை எழுதினால் சொல்லமாட்டேன்.

ஜீப் எட்டரைக்கு. அதில் யார் ஏறினார்கள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கிணறு மட்டும் வேண்டாம்.